மருந்து தீர்ந்துகொண்டே இருந்தது, எலி குறையவில்லை: ஒரு செம்பனைச் சிறுதோட்டக்காரரின் அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கே, தெலுக் இந்தானுக்கு அருகில், எனக்குப் பத்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அதுவரை குத்தகைக்கு விட்டிருந்த அந்த நிலத்தை நானே நேரில் கவனிக்கத் தொடங்கினேன். ஏழு ஏக்கரில் காய்ப்பு மரங்கள் நிற்கின்றன. மீதி மூன்று ஏக்கரில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்திருக்கிறேன். இந்த நிலத்தில் எலிகளோடு போராடி ஏறத்தாழ ஆறாயிரம் ரிங்கிட்டையும், ஓராண்டுக்கும் மேலான காலத்தையும், பல இரவுகளின் உறக்கத்தையும் இழந்தேன். எலி மருந்தைத் தின்றும் சாகாத எலிகள் இருக்கின்றன என்பதையும், அவை இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் நாற்பது ஆண்டுகளாக அறியப்பட்டவை என்பதையும் யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அந்த இழப்பில் பாதியாவது மிஞ்சியிருக்கும். சிறுதோட்டக்காரர்களிடம் இதைச் சொல்வார் இல்லாததால் நானே விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டது குலைகளில் இருந்த பல் தடங்கள். எலி கடித்த பழத்தில் புதிய காயம் பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சளாகத் தெரியும். பழைய காயம் காய்ந்து கறுத்துப் போயிருக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனெனில் கறுத்த காயங்களை எண்ணிக்கொண்டிருந்தால் எப்போதோ நடந்த சேதத்துக்கு இப்போது மருந்து வைப்பவர் ஆகிவிடுவோம். பெரிய தோட்டங்களில், வெட்டிய குலைகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் புதிய காயம் தென்பட்டால் மருந்து வைக்க வேண்டும் என்பது நீண்டகால வழக்கம். என் நிலத்தில் அது ஐந்தை எப்போதோ தாண்டியிருந்தது. மரத்தடி வட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழங்களும் குறைந்துகொண்டே வந்தன. எண்ணெய் மிகுந்தவை அந்த உதிர்ந்த பழங்கள்தாம். எலி அங்கேயே உட்கார்ந்து தின்பது ஒரு பங்கு என்றால், மட்டை அடுக்குகளுக்குள் இழுத்துக்கொண்டு போவது பல பங்கு. ஆண் பூங்கொத்துகளையும் அது விட்டு வைப்பதில்லை. மகரந்தச் சேர்க்கைக்காக 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கூன்வண்டின் புழுக்கள் அவற்றில் வளர்கின்றன, அந்தப் புழுக்களைத் தேடிப் பூவைக் கடித்துக் குதறுகிறது. மறுநடவுப் பகுதியில் நடந்ததுதான் மனத்தை அதிகம் வருத்தியது. இளங்கன்றின் மட்டை அடியைக் கடித்து உள்ளே போய்க் குருத்தைத் தின்றுவிடுகிறது. வெளியே பச்சையாக நிற்கும் கன்று சில நாளில் நடுக்குருத்து சாய்ந்து முடிந்துபோகிறது. செத்த கன்றுக்கு மாற்றாகப் புதிய கன்று வாங்கி நடலாம், ஆனால் சுற்றியுள்ள கன்றுகளைவிட அது ஓராண்டோ ஈராண்டோ பின்தங்கியேதான் வளரும்.

பட்டணத்து விவசாயப் பொருள் கடையில் மெழுகுக் கட்டிகளை வாங்கி வந்தேன். சோளமும் மெழுகும் கலந்து, நிறமேற்றி, சிறு கட்டிகளாக வார்த்திருப்பார்கள். மரத்துக்கு ஒன்றாக வட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, நான்கு நாள் கழித்துப் போய்க் காணாமல் போனவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை வைக்க வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லா மரத்தடியிலும் கட்டி காணாமல் போயிருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே போயிருந்தது, அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. கடைக்காரரிடம் சொன்னபோது, "நன்றாகத் தின்கிறது என்றால் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள், எலி நிறைய இருக்கிறது, இன்னும் வையுங்கள்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இடையில் ஒருமுறை வேறு பெயரில், வேறு நிறத்தில் இருந்த கட்டியை மாற்றிக் கொடுத்தார். விலை சற்றுக் கூடுதல். அதையும் தின்றன. குலைகளில் புதிய காயம் மட்டும் குறையவே இல்லை.

அந்த மாதங்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலையில் நிலத்துக்குப் போவதே அச்சமாக மாறிவிட்டது. இன்று எத்தனை கன்று சாய்ந்திருக்குமோ என்ற எண்ணத்தோடுதான் மோட்டார் சைக்கிளை எடுப்பேன். ஓய்வூதியப் பணத்தை எலிக்கு வைக்கிறேன் என்று வீட்டில் பேச்சு வந்தது, அதில் தவறு இல்லை, ஆனாலும் சினம் வந்தது. முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவனுக்கு ஓர் எலியை அடக்கத் தெரியவில்லை என்று அக்கம்பக்கத்தார் நினைப்பார்கள் என்ற கூச்சத்தால் யாரிடமும் கேட்காமலே இருந்தேன். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எலி உங்கள் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை, பக்கத்து நிலத்துக்காரருக்கும் அதே தொல்லை இருக்கும், அவரும் அதே கூச்சத்தில் வாய் திறக்காமல் இருப்பார். என் விஷயத்தில் அப்படித்தான் இருந்தது.

முடிச்சு அவிழத் தொடங்கியது, முன்பு ஒரு பெரிய தோட்டத்தில் மண்டோராக (வேலையாள்களை மேற்பார்க்கும் கங்காணியாக) இருந்து, இப்போது எங்கள் ஊரில் குலை வெட்டுக்கு ஆள் கூட்டி வரும் பெரியவரால். அவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். கட்டி வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "வாத்தியாரே, எத்தனை போச்சுன்னு எழுதி வைக்கிறீங்களா?" என்று கேட்டார். எல்லாம்தான் போகிறது அண்ணே என்றேன். "எல்லாமே போய்க்கிட்டு இருந்தா அது மருந்து இல்லை, சாப்பாடு" என்றார். தோட்டத்தில் அவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கட்டி வைத்தோம், எத்தனை போயிற்று என்று எண்ணிக் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) கொடுப்பார்களாம். முதல் சுற்றில் பெரும்பாலானவை போகும், பிறகு சுற்றுக்குச் சுற்று குறைய வேண்டும், ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் அந்த முறைக்கு நிறுத்திவிடுவார்கள். இறங்காமல் நின்றால் மேலிடத்துக்குத் தகவல் போகும். இந்த முழு அனுபவத்திலும் எனக்குக் கிடைத்த பயனுள்ள பாடம் இதுதான். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். கட்டி தின்னப்படுகிறதா என்பது கேள்வியே அல்ல. தின்னப்படும் விகிதம் சுற்றுக்குச் சுற்று இறங்குகிறதா என்பதே கேள்வி.

இறங்கவில்லை என்றால் உடனே எலிகளுக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. வேறு காரணங்களும் அதே தோற்றத்தைத் தரும். கட்டியைத் தின்பது எலிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். நத்தையும் எறும்பும் கூடக் கட்டியைக் குறைக்கும், மழை கரைக்கும், காட்டுப்பன்றி வந்து போனால் ஒரு வரிசையே காணாமல் போகும். மிச்சத் துண்டில் இணையான இரண்டு பல் கோடுகள் இருந்தால் எலி. அடுத்து, நம் எலிகள் செத்துக்கொண்டே இருக்க, பக்கத்து நிலத்திலிருந்து புதியவை வந்து நிரப்பிக்கொண்டே இருக்கலாம். சிறு நிலங்களில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. இதை அறிய, எல்லை ஓர வரிசைகளையும் நடு நிலத்து வரிசைகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும். வெளியிலிருந்து வருகிறது என்றால் ஓரத்தில் விகிதம் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் இருக்கும். கட்டி தொடப்படாமல் கிடக்கிறது என்றால் கதை முற்றிலும் வேறு: அது பூஞ்சை பிடித்ததாகவோ, புதுப் பொருளை நம்பாத எலியின் இயல்பாகவோ, உடனே கொல்லும் கடும் நஞ்சை முன்பு தின்று நோய்ப்பட்டுப் பிழைத்த எலிகளின் அச்சமாகவோ இருக்கலாம். கட்டி முழுவதும் தின்னப்பட்டு, ஓரமும் நடுவும் ஒரே அளவில் போய்க்கொண்டிருந்து, சேதமும் குறையாமல் இருந்தால்தான் எதிர்ப்புத் திறனை ஐயப்பட வேண்டும். நான் எண்ணிப் பார்த்தபோது நடு வரிசைகளிலும் ஓர வரிசைகளிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஒரு பெருந்தோட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். அவரை அழைத்துச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், பெட்டியில் என்ன மருந்து என்று எழுதியிருக்கிறது?" என்பது. பெட்டியின் முன்பக்கத்துப் பெயரையே அதுவரை படித்திருந்தேன். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நஞ்சின் பெயர் அப்போதுதான் கண்ணில் பட்டது. முதலில் வாங்கியது வார்ஃபரின், 0.05 விழுக்காடு. மாற்றி வாங்கியது குளோரோஃபாசினோன், 0.005 விழுக்காடு. அவர் சிரிக்கவில்லை, ஆனால் பெருமூச்சு விட்டது தொலைபேசியில் கேட்டது. இரண்டும் முதல் தலைமுறை நஞ்சுகள், இரண்டும் உடலில் தாக்குவது ஒரே இடத்தை, ஆகவே ஒன்றுக்கு மசியாத எலி மற்றதற்கும் பெரும்பாலும் மசிவதில்லை. கடையில் நிறம் மாறியது, பெயர் மாறியது, விலை மாறியது. எலிக்கு எதுவும் மாறவில்லை.

இந்த நஞ்சு வேலை செய்யும் விதத்தை எனக்குப் புரியவைத்தவர், எதிர்பாராத விதமாக, என் மைத்துனர். இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் அதே வார்ஃபரினை மிகச் சிறு அளவில் மாத்திரையாக உட்கொள்கிறார். இரத்தம் தேவையில்லாமல் உறையக்கூடாது என்பதற்காக. கீரையை ஒருநாள் நிறையவும் மறுநாள் இல்லாமலும் சாப்பிடக்கூடாது என்று மருத்துவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார், ஏனெனில் கீரையில் வைட்டமின் கே மிகுதி. இரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் செய்வதற்கு அந்த வைட்டமின் வேண்டும்; ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை மீண்டும் பயன்படும் வடிவத்துக்குத் திருப்புவதற்கு ஒரு நொதி இருக்கிறது; வார்ஃபரின் அந்த நொதியை முடக்குகிறது. எலி பல நாள் தொடர்ந்து தின்றால் உறைவுப் புரதங்கள் தீர்ந்து, உள்ளுக்குள் குருதி கசிந்து சாகிறது. சாவு தாமதமாக வருவதால் எலிக்கு எந்த உணவால் வந்தது என்று தெரிவதில்லை. இந்த மருந்தின் வலிமை அதில்தான் இருந்தது. அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவை 2004இல்தான் அறிவியலாளர்கள் இனங்கண்டார்கள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நஞ்சு நொதியைச் சரியாகப் பற்ற முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட எலி நம் கட்டியைத் தின்றுவிட்டு மறுநாளும் வரும்.

மருந்து எலியை மாற்றுவதில்லை என்பதையும் மாணவர் வலியுறுத்திச் சொன்னார். ஆயிரம் எலியில் ஏதோ சிலவற்றுக்கு அந்த மாற்றம் முன்பே இருக்கிறது. நாம் தொடர்ந்து ஒரே வகை நஞ்சை வைக்கும்போது மற்றவை சாகின்றன, இவை மிஞ்சிப் பெருகுகின்றன. வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. பத்தே ஆண்டில், 1958இல், ஸ்காட்லாந்தின் பண்ணை ஒன்றில் அதற்கு மசியாத எலிகள் கண்டறியப்பட்டன. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் 1960களின் இறுதி முதல் வார்ஃபரின் பரவலானது, 1980களின் தொடக்கத்திலேயே எதிர்ப்புத் திறன் பதிவானது. செம்பனைக்கு உரிய காட்டெலி, வயிறு வெண்மையாக இருக்கும், அதிலும் இந்தத் திறன் காணப்பட்டது. வீட்டெலி இனத்திலும் காணப்பட்டது. இன்னொன்றும் நடந்தது: மருந்து தொடர்ந்து வைக்கப்பட்ட தோட்டங்களில் காட்டெலியின் இடத்துக்கு வீட்டெலி குடியேறிப் பெருகியது. ஆகவே பொறியில் விழும் எலியின் வயிற்று நிறத்தையும் குறித்து வைப்பது நல்லது. வெண்மையா, சாம்பலா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

உறுதி செய்துகொள்வதற்காகச் சில எலிகளைக் கூண்டுப் பொறியில் பிடித்து, ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில் விட்டு, வார்ஃபரின் கட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பார்த்தோம். வேறு உணவு துளியும் இல்லை. மசியக்கூடிய எலியாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும் என்றார் மாணவர். ஒரு பகுதி எலிகள் அப்படியே மடிந்தன. மற்றவை கட்டியைத் தின்றபடி மயிர் பளபளக்க உலவிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது வருத்தமல்ல, விடுதலை உணர்வு. இத்தனை மாதம் என் கையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குக் காரணம் கண்முன்னே கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. முறையான சோதனைக்கு அளவும் நாளும் எலி இனத்துக்கேற்ப வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அடுத்த பெட்டி மருந்து வாங்கலாமா என்று முடிவு செய்வதற்கு இது போதும். இதைச் செய்பவர்கள் தடித்த கையுறை இல்லாமல் எலியையோ கூண்டையோ தொடக்கூடாது. எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் தோட்டப்புறங்களில் உண்மையாகவே உயிரைப் பறிக்கும் நோய். காலில் கீறலோடு ஈரத்தில் நடப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து.

அடுத்தது இரண்டாம் தலைமுறை நஞ்சு. வார்ஃபரினுக்கு மசியாத எலிகளுக்காகவே 1970களில் உருவாக்கப்பட்டவை இவை: புரோமாடையலோன், புரோடிஃபாக்கும் போன்றவை. அதே நொதியைத்தான் தாக்குகின்றன, ஆனால் பல மடங்கு வலிமையோடு, ஒரே வேளை தின்றாலும் போதும் என்ற அளவில். மாணவரின் அறிவுரைப்படி புரோடிஃபாக்கும் கட்டிகளை வைத்தேன். இந்த முறை நோட்டில் எண்கள் இறங்கின. இரண்டாவது சுற்றிலேயே பாதிக்குக் கீழே வந்தது. அதன்பின் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டதும் நிறுத்தினேன். குலைகளில் புதிய காயம் அரிதாயிற்று. இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து எங்கள் நாய் சோறு தொடாமல் படுத்தது. ஈறு வெளுத்திருந்தது, மறுநாள் மூக்கில் இரத்தம் கசிந்தது. அது கட்டியைத் தின்றதா, செத்த எலியைத் தின்றதா என்பது தெரியவில்லை. விலங்கு மருத்துவர் கேட்ட கேள்வியும் மாணவர் கேட்ட அதே கேள்விதான்: என்ன மருந்து? நல்லவேளையாகப் பெட்டி அட்டையைக் கிழித்து நோட்டில் ஒட்டியிருந்தேன். வார்ஃபரின் என்றால் உடலிலிருந்து ஓரளவு விரைவாக நீங்கும்; புரோடிஃபாக்கும் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். அதனால் மாற்று மருந்தான வைட்டமின் கே1ஐ ஓரிரு நாளில் நிறுத்தாமல் பல வாரம் கொடுத்து, நிறுத்திய பிறகும் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். நாய் பிழைத்தது. செலவு ஏறக்குறைய ஒரு குலை வெட்டின் வருமானம். வைட்டமின் கே என்று எழுதியிருக்கும் ஏதோ ஒன்றை வாங்கி நாமே கொடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். கே3 என்ற வகை இந்த நஞ்சை முறிக்காது. சிறுபிள்ளை இருக்கும் வீடுகளில் கட்டிகளை வைத்திருக்கும் இடத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் பிள்ளை தின்றதாக ஐயம் வந்தால் நலமாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கவே கூடாது. அறிகுறி வருவதற்கு நாள் எடுக்கும் நஞ்சு இது. பெட்டி அட்டையோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எதிர்ப்புத் திறனின் உண்மையான விலை எது என்று எனக்குப் புரிந்தது அந்தச் சமயத்தில்தான். வீணாய்ப் போன மருந்துக்காசு அதில் சிறு பகுதி. மெதுவான, உடலில் நீண்ட நாள் தங்காத நஞ்சு பயனற்றுப் போனதால், தங்கும் நஞ்சை நாம் நிலத்தில் பரப்ப வேண்டியதாகிறது. அந்த நஞ்சைச் சுமந்த எலியைத் தின்பது நாய் மட்டும் அல்ல. செம்பனைக் காட்டில் எலியைக் குறைப்பதற்கு இயற்கை வைத்திருக்கும் ஆள்களான கூகையும் பாம்பும் காட்டுப்பூனையும் அதையே தின்கின்றன. கூகை என்ற இந்த ஆந்தை மலாயாத் தீபகற்பத்தில் முன்பு அரிது. 1960களின் இறுதியில் ஜொகூரின் செம்பனைப் பகுதியில் கூடு கட்டத் தொடங்கி, எலி நிறைந்த தோட்டங்கள் வழியாக வடக்கே பரவியது. ஒரு கூகை இணை குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும். வார்ஃபரினை விட்டு இரண்டாம் தலைமுறை நஞ்சுக்கு மாறிய தோட்டங்களில் கூகைகள் குறைந்தன என்பது 1980களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எலிக்கு எதிராக நாம் வலுவான மருந்தை எடுக்கும்போது நம் பக்கம் நிற்கும் வேட்டைக்காரனையும் சேர்த்துக் கொல்கிறோம். அப்படியும் அந்த மருந்து நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இங்கிலாந்தின் ஹேம்ப்ஷயர், பெர்க்ஷயர் பகுதிகளில் புரோமாடையலோனுக்கும் மசியாத எலிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆகவே வலுவான நஞ்சை நான் இனி எலித்தொகை பெருகிய நேரத்தில் அதை ஒருமுறை வீழ்த்துவதற்கு மட்டுமே எடுப்பதாக வைத்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டிருப்பது எதிர்ப்புத் திறனை வளர்ப்பதற்குச் சிறந்த வழி. சுற்றுகளுக்கு இடையில் காலையில் நடந்து செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்கிறேன். எல்லாம் கண்ணில் படாது, பெரும்பாலானவை மட்டை அடுக்குக்குள்ளேயே மடியும், ஆனாலும் கிடைப்பதை எடுக்கிறேன். மறுநடவுப் பகுதியில் கன்றைச் சுற்றிக் கம்பி வலை வளையம் போட்டேன். மூடுபயிர்க் கொடி கன்றின் அடிவரை படர்ந்திருந்தால் எலி அதன் மறைவிலேயே வந்து கடிக்கும் என்பதால் வட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். இதற்கு ஆகும் கூலி மருந்தைவிட அதிகம் என்று முதலில் தோன்றியது. செத்த கன்று ஒன்றுக்கு இழக்கும் ஈராண்டு விளைச்சலைக் கணக்கில் சேர்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

கூகை குடியேறிக் குஞ்சு பொரிப்பதற்கான பெட்டி வைப்பதில் சிறுதோட்டக்காரருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி, அதாவது இருபத்தைந்து ஏக்கர். என் நிலம் அதில் பாதிகூட இல்லை. பக்கத்து நிலத்து மலாய்ப் பெரியவரிடமும், அதற்கடுத்த நிலத்துச் சீனத் தவுக்கேயிடமும் (முதலாளியிடமும்) போய் முதன்முறையாக எலியைப் பற்றிப் பேசினேன். இருவரும் என்னைப் போலவே மாதக்கணக்கில் கட்டி வைத்துச் சோர்ந்திருந்தார்கள். மூவரும் ஒரே வாரத்தில் மருந்து வைப்பது, ஒரே நேரத்தில் நிறுத்துவது, செலவைப் பங்கிட்டு ஒரு பெட்டி வைப்பது என்று உடன்பட்டோம். ஒருவர் வைத்து மற்றவர் வைக்காவிட்டால் அந்த இடைவெளியிலிருந்துதான் எலி திரும்பி வரும். பெட்டியைக் கம்பத்தில் ஏற்றிய பிறகு பல மாதம் அதில் எதுவும் வரவில்லை. கூகை அலறினால் ஆகாது என்று என் மனைவியின் சித்தி சொல்லிக்கொண்டிருந்ததும் உண்மை. மரண ஓலை கொண்டுவரும் பறவையைக் காசு கொடுத்து அழைக்கிறீர்களே என்றார். பிறகு ஒருநாள் கம்பத்தடியில் கறுத்த உருண்டைகள் கிடந்தன. உடைத்துப் பார்த்தால் மயிரும் எலி மண்டையோடுகளும். கூகை செரிக்காதவற்றை இப்படி உருண்டையாகக் கக்கிவிடும். அதன்பிறகு சித்தி அதைப் பற்றிப் பேசவில்லை.

கூகை வந்துவிட்டால் எலி ஒழியும் என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். எலி பெருகி நிற்கும் நிலத்தில் ஓர் இணை கூகையால் அதைக் கீழே கொண்டுவர முடியாது. குறைந்த எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்திருக்கத்தான் அது உதவும். பெட்டியில் குஞ்சு இருக்கும் காலத்தில் நாங்கள் எந்த மருந்தும் வைப்பதில்லை, பொறி மட்டும். ஓர வரிசைகளில் புதிய காயம் ஐந்து விழுக்காட்டை நெருங்கினால் முதலில் பொறி வைத்துச் சில எலிகளைப் பிடித்து வயிற்று நிறத்தைப் பார்க்கிறோம், நோட்டில் எழுதுகிறோம், பிறகுதான் கடைக்குப் போகிறோம். கடையில் முதலில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறோம். வார்ஃபரினோ குளோரோஃபாசினோனோ என்றால் எங்கள் மூன்று நிலத்துக்கும் அது இப்போதைக்குப் பயன்படாது. அண்மையில் இப்படி ஒரு மருந்துச் சுற்றை முடித்தபோது மூன்று நிலத்துக்கும் சேர்த்து வாங்கிய கட்டிகளின் செலவு, நான் தனியாக ஒரு பருவத்தில் கொட்டியதைவிடக் குறைவாகவே வந்தது.